அப்பாவுக்கு மட்டும் தெரிந்த வேகம்

1

நேற்று டிராமில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னைக் கடிந்துகொண்டார். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்து வைத்தால் உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம் என்றார். முன்பின் தெரியாதவருக்குப் புத்தி சொல்வதில் ஜெர்மன்காரர்களுக்குக் கூச்சமே கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

நான் சிரித்துவிட்டு அப்படியே நின்றேன். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பது எனக்கு ரத்தத்தில் வந்தது. என் அப்பா ஆசீர்வாதம் திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. சின்ன வயதில் அவருடைய பஸ்ஸில் ஏறினால் எனக்கு உட்கார இடமும் கிடைக்காது. நிற்கிற பாசஞ்சர் ஒருவர் இருந்தாலும் கண்டக்டரின் மகள் எழுந்துவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். காலைக் கொஞ்சம் அகட்டு, முட்டியைத் தளர விடு, வண்டி போகிற போக்குக்கு உடம்பை விட்டுவிடு. அவ்வளவுதான் வித்தை.

அந்த அம்மாள் கவனிக்காத ஒன்று உண்டு. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மகள் எஸ்தரும் எதையும் பிடித்திருக்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. இந்தப் பழக்கம் அவளுக்குப் போன ஈஸ்டரிலிருந்துதான்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இதே மாதத்தில் ஊரில் இருப்பவர்களுக்கு ஏதாவது எழுதுவது வழக்கம். பனியைப் பற்றி எழுதியாகிவிட்டது. ரொட்டியைப் பற்றியும் குப்பையை வகைவகையாகப் பிரிப்பதைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. இந்த முறை அப்பாவைப் பற்றி. "ஆசீர்வாதம் கண்டக்டர் இந்த வயசுல தண்ணி போட ஆரம்பிச்சுட்டாராமே" என்று திண்டிவனத்தில் ஒரு பேச்சு ஓடியதாகத் தெரிய வந்தது. பேசியவர்கள் யாரென்றும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். "உன் பொண்ணு ஜெர்மனில என்னா வேல பண்ணுது?" என்று கேட்டால் அம்மா "ஃப்ரிட்ஜ் கம்பெனில" என்று சொல்லிவிடுகிறாள். முழுப் பொய்யும் இல்லை. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் குளிர்விக்கும் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் குளிர்விப்பது கறிவேப்பிலையை அல்ல, வானத்தின் வெப்பத்தை அளக்கும் கருவிகளை.

பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கும் ஒரே கொதிப்பாக இருந்தது. அந்தக் கொதிப்பின் வெளிச்சம் இன்னும் போய்விடவில்லை. விரிந்து, ஆறி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகி, எல்லாத் திசையிலிருந்தும் நம்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. அதன் வெப்பம் இருக்கக்கூடிய அடிமட்டக் குளிருக்கு மேலே மூன்று டிகிரிகூட இல்லை. அதை அளக்கப் போகிற கருவி அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். சூடான கையால் சுரம் பார்க்க முடியாது என்பதுதான் கணக்கு. அதற்குத்தான் நான்.

இந்த ஆதி வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்றாலும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இல்லை. வானத்தில் சிம்ம ராசிக்காரர்களின் நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றின் காலடிப் பக்கம் துளி சூடு கூட. அதற்கு நேர் எதிரே கும்பத்தில் துளி குளிர்ச்சி. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. காரணம் வானத்தில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. சூரியனும் பூமியும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டும் சேர்ந்து அந்தப் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். ஓடுகிற பக்கத்து வெளிச்சம் நெருங்கி வந்து சூடாகிறது, விட்டு விலகுகிற பக்கத்து வெளிச்சம் ஆறிவிடுகிறது. அந்த வித்தியாசத்தை வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் முந்நூற்றெழுபது கிலோமீட்டர் வருகிறது.

இத்தனை வேகத்தில் போகிறோம், ஒரு டம்ளர் தண்ணீர் தளும்புவதில்லை. சீராக ஓடும் எதையும் உடம்பு உணராது. வேகம் கூடினால், குறைந்தால், வளைந்தால்தான் தெரியும். அப்பா நல்ல டிரைவருக்கு வைத்திருந்த அளவும் இதுதான். "பாசஞ்சருக்கு வண்டி ஓடறதே தெரியக் கூடாது. அவன்தான் டிரைவரு" என்பார். அவருடைய முப்பது வருடத்தில் அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர் என்றும் சொல்வார். மற்றவர்களைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது.

3

எஸ்தர் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ், வெளியே ஜெர்மன் என்று ஆரம்பித்து, எட்டு வயதில் வீட்டுக்குள்ளும் ஜெர்மன் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் நானும் ஜெர்மனுக்கு மாறுவேன், உடனே என் இலக்கணத்தைத் திருத்துவாள். திட்டும்போது திருத்தப்படுவதைப் போல ஒரு பேஜார் உலகத்தில் இல்லை.

அவளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன். இந்த ஊரில் அதை நடத்துகிறவர்கள் ஈழத்துக்காரர்கள், அருமையான மனிதர்கள். அவள் தமிழ் கற்றுக்கொண்டாள், ஆனால் யாழ்ப்பாணத் தமிழ். முதல்முதலாக அப்பாவிடம் போனில் "ஓம் தாத்தா, ஓம்" என்றபோது அவர் கலவரப்பட்டுப்போனார்.

"என்னா பாப்பா இது, பொண்ணு ஓம் ஓம்ங்குது? நாம சர்ச்சுக்குப் போறவங்க ஆச்சே."

"ஆமான்னு அர்த்தம்பா."

"அத ஆமான்னே சொல்லலாம் இல்ல?"

பிறகு அவருக்கே பிடித்துப்போய்விட்டது. பேத்தியிடம் பேசும்போது அவரும் ஓம் போட ஆரம்பித்தார். ஆனாலும் அவர்கள் பேச்சு சாப்பிட்டாயா, படிக்கிறாயா என்பதைத் தாண்டாது. ஐந்து நிமிடத்தில் போன் என் கைக்கு வந்துவிடும். இப்படியே இந்தப் பெண் நழுவிப் போய்விடுவாள், ஒருநாள் அப்பாவுக்கும் இவளுக்கும் பேச ஒன்றுமே இருக்காது என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

இந்த வருடம் ஜெர்மன் பள்ளியில் அவளுக்குப் பேச ஒரு தலைப்பு கொடுத்தார்கள், நாம் விண்வெளியில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைப் பற்றி. என் வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்காதவள் இரண்டு வாரம் என்னைக் குடைந்தெடுத்தாள். படித்து முடித்த கையோடு யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, எங்களுக்குப் பட்டப்பகல், அங்கே இருட்டிவிட்டது. அப்பா மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவள் வீடியோ காலில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, நாங்கள் எல்லாரும் இப்ப ஒரு செக்கனுக்கு முந்நூற்றெழுபது கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கிறம். விளங்குதோ?"

"எங்க போறோம்?"

"சிம்மத்துக்கு."

அப்பா மனக்கணக்குப் போட்டார். "விழுப்புரம் முப்பத்தேழு கிலோமீட்டர் வெச்சுக்க. ஒரு செகண்டுல அஞ்சு வாட்டி போய்ட்டு வந்துர்லாம். ஸ்டாப்பிங் எத்தினி?"

"ஸ்டாப்பிங் இல்லை தாத்தா."

"பாயிண்ட் டு பாயிண்டா!" என்று அவர் சொன்னது பக்கத்து மாடிக்கும் கேட்டிருக்கும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டார். எஸ்தருக்குத் தமிழ் போதவில்லை, நான் உள்ளே புகுந்தேன். மழையில் ஓடுகிற பஸ்ஸுக்கு முன் கண்ணாடியில்தானே மழை அறைகிறது, அதுபோல என்றேன். "பின் கண்ணாடி காஞ்சிக்கினே கெடக்கும், ஆமா" என்றார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. "அந்தச் சிம்மம் எங்க இருக்குது? நான் பாக்க முடியுமா?"

எஸ்தர் போனில் நட்சத்திரம் காட்டும் செயலி வைத்திருக்கிறாள். வெளியே வெயில் அடிக்க, சோபாவில் உட்கார்ந்துகொண்டு, திண்டிவனத்து இருட்டு வானத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தாள். எங்கள் ஊரில் சிம்மம் தெற்கில் சாய்வாகத்தான் தெரியும். அவருக்கோ தலைக்கு மேலே. நிலா வேறு இருந்ததால் தேட வேண்டியிருந்தது. "மேல தாத்தா, இன்னும் மேல பாருங்கோ, நேரா உச்சிக்கு" என்றாள்.

"பாக்கறேன், பாக்கறேன்... ஐயோ, சுத்துதே" என்ற குரல் கேட்டது. அப்புறம் ஏதோ விழுகிற சத்தம். எங்கள் திரை முழுக்கக் கறுப்பாகி, அதில் நிலா மட்டும் ஒரு ஓரமாகத் தெரிந்தது. கீழிருந்து அம்மா அலறிக்கொண்டு மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டது. எஸ்தர் "தாத்தா, தாத்தா" என்று ஜெர்மன்காரக் குழந்தையின் உச்சரிப்பில் கத்தினாள்.

4

தம்பி ஸ்டீபன் திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான், அப்பா அம்மாவோடுதான் இருக்கிறான். அரை மணியில் கூப்பிட்டான். "ஒண்ணும் இல்லக்கா. தண்ணித் தொட்டி மேல சாஞ்சுட்டாரு. நெத்தில லேசா அடி. நீ டென்ஷன் ஆவாத."

ஒன்றும் இல்லை என்று தொடங்கும் போன் எல்லாவற்றிலும் ஏதோ இருக்கிறது என்பது வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்தாலும் வீடு சுற்றுகிறதாம். படுத்துப் புரண்டாலும் சுற்றுகிறதாம். வாந்தி.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பித்தம். நம் பக்கத்தில் தலை சுற்றினால் பித்தம், கண் இருட்டினால் பித்தம், மாப்பிள்ளை முகம் சுளித்தாலும் பித்தம். எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தாள், இஞ்சிச் சாறு கொடுத்தாள், சீரகத் தண்ணீர் கொடுத்தாள். இதில் எதுவும் கெடுதல் செய்யாது என்பதால் யாரும் தடுக்கவில்லை, எதுவும் குணமாகவும் இல்லை.

மறுநாள் குருத்தோலை ஊர்வலம். சபையில் மூப்பராக இருந்துகொண்டு போகாமல் இருப்பதா என்று அப்பா பிடிவாதமாகக் கிளம்பினார். கையில் ஓலையோடு நாலு எட்டு வைப்பார், சுவரைப் பிடிப்பார், நிற்பார். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அன்று சாயந்திரம் போனில் என்னிடம் சொன்னார்: "ஓடற வண்டியில முப்பது வருஷம் நின்னேன் பாப்பா. நிக்கற தரையில விழறேன்." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பக்கத்துத் தெரு டாக்டர் பார்த்தார். வயதானவர், திடீர் தலைசுற்றல், மூளையில் ஏதாவது இருக்கலாம், விழுப்புரம் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். வியாழக்கிழமைக்கு நேரம் கிடைத்தது. மூளையில் ஏதாவது. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும்.

எஸ்தர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நட்சத்திரச் செயலியை அழித்துவிட்டாள். பள்ளியில் தலைப்பை மாற்றிக் கேட்டாளாம். உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் ஜெர்மனில் ஒரே பதில்தான் சொன்னாள்: "மேலே பார்க்கச் சொன்னது நான்." தாத்தாவிடம் பேசு என்றால் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் கூப்பிட்டுக் கேட்டபோதும் வரவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவோடு சேர்த்து இவளையும் இழந்துவிடுவேன் என்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

5

டிக்கெட் எடுத்துப் பறந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் வசிப்பிட அட்டை காலாவதி. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன், புதுப் பாஸ்போர்ட்டுக்குப் புது அட்டை வேண்டும், புது அட்டைக்கு மனு போட்டுக் குளிர்காலமே போய்விட்டது. நாட்டை விட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. வேலை நாள்களில் என் கணவர் வேறு நகரத்தில் இருக்கிறார். அவர் அங்கிருந்து போன் போட்டார், நான் இங்கிருந்து மின்னஞ்சல் போட்டேன். இயந்திரம்தான் பதில் சொன்னது.

வியாழன் மதியத்தோடு அட்டை கொடுக்கும் வெளிநாட்டவர் அலுவலகம் மூடினால் புனித வெள்ளி, சனி, ஈஸ்டர், ஈஸ்டர் திங்கள் முடிந்துதான் திறப்பார்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் எஸ்தரை இழுத்துக்கொண்டு வியாழன் காலை போய் நின்றேன். வாசல் காவலரிடம் கெஞ்சியது, அவர் மேலே கேட்டது, மேலே இருப்பவர் இன்னும் மேலே கேட்டது எல்லாம் நம் தாலுகா ஆபீஸ் மாதிரியேதான், பூந்தொட்டிகள் மட்டும் அதிகம். கடைசியில் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி.

பதினெட்டு வருட ஜெர்மன் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது. என் அப்பாவுக்குத் தலைசுற்றல் என்று சொல்வதற்குப் பதிலாக, ஒரு எழுத்தைக் கூடப் போட்டு, என் அப்பா ஒரு ஏமாற்றுப் பேர்வழி என்று சொல்லிவிட்டேன். எஸ்தர் பக்கத்தில் நெளிந்தாள். அந்தப் பெண்மணி முகத்தை மாற்றாமல், "என் அப்பாவும் அப்படித்தான்" என்றார்.

எஸ்தர்தான் வாய் திறந்தாள். இத்தனை நாளாக என்னிடம் ஒரு வரிக்கு மேல் பேசாதவள் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாடி, சிம்மம், மேலே பார்க்கச் சொன்னது, கறுப்புத் திரை. அந்தப் பெண்மணி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, திரும்பி வர அனுமதிக்கும் இடைக்காலத் தாள் ஒன்றை அச்செடுத்து, முத்திரை குத்தி, என் பக்கம் நகர்த்தினார். "உன் தாத்தாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்" என்று எஸ்தரிடம் சொன்னார். இந்த நாட்டைத் திட்டி நான் எழுதியவை நிறைய. அந்தப் பெண்மணியையும் எழுதி வைக்காவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன்.

6

அதே காலை ஊரில் இன்னொரு கூத்து. வியாழக்கிழமை தெற்கே சூலம். விழுப்புரம் தெற்கே. அம்மா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவாள், தினசரிக் காலண்டரில் சூலமும் தவறாமல் பார்ப்பாள். இரண்டும் வேறு வேறு டிபார்ட்மெண்ட் என்பது அவள் கட்சி. அன்றைக்குப் பார்த்து வீட்டை விட்டு நகர விடவில்லை.

"வெள்ளிக்கிழம போய்க்கலாம்டா. எதுக்கு சூலத்துல போயி முட்டிக்கினு?"

"வெள்ளிக்கிழம ஸ்கேன் சென்டர் லீவும்மா. ஜல்தி கெளம்பு."

பரிகாரம் தைலம் என்று காலண்டரிலேயே போட்டிருக்கிறது. அம்மா விடுவாளா? அப்பா தலையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைக் கவிழ்த்துத் தேய்த்த பிறகுதான் வாசலைக் கடக்க விட்டாள். ஏற்கெனவே எலுமிச்சம்பழம், அதற்கு மேல் நல்லெண்ணெய். ஸ்கேன் எடுக்கும் பையன் ஒரு பஞ்சுக்கட்டையே காலி செய்து துடைத்தானாம்.

வாடகைக் காரில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு போயிருக்கிறார். கண்ணைத் திறந்தால் சுற்றுகிறது. ஆனால் மூடிய கண்ணோடு "கூட்டேரிப்பட்டு வந்துடுச்சு, மயிலம் எறங்கறவங்க எறங்கு" என்றாராம். கொஞ்ச தூரம் போனதும் "விக்கிரவாண்டி" என்றாராம். தம்பி அதைச் சொல்லும்போது சிரித்தான். அன்றைக்குக் காரில் அவன் சிரித்திருக்க மாட்டான்.

நான் அலுவலகப் படியில் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பியின் பெயரைப் பார்த்ததும் எடுக்கக் கை வரவில்லை. எஸ்தர்தான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, மூளைல ஒண்ணும் இல்ல."

"என்னடா சொல்ற?"

"கிளீனா கீதாம் மூளை. டாக்டரே சொல்லிட்டாரு. இது காது பிராப்ளம்."

ஸ்கேன் பார்த்த டாக்டர் அங்கிருந்து நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். நம் காதுக்குள் பொடிப்பொடியாகக் கல் மாதிரி துகள்கள் இருக்கின்றன, நாம் அசைவதை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. அதில் ஒன்றிரண்டு கழன்று, போகக் கூடாத வளைகுழாய்க்குள் போய்விட்டால், தலையை ஆட்டும்போதெல்லாம் ஊரே சுற்றுவதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். டாக்டர் அப்பாவைச் சட்டென்று படுக்க வைத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கண் துடிப்பதைப் பார்த்திருக்கிறார். பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பி, உடம்பைப் புரட்டி, மெல்ல உட்கார வைத்திருக்கிறார். அப்பா ஒரு முறை வாந்தி எடுத்தார். இரண்டாவது தடவை செய்தபோது சுற்றவில்லை.

"கல்லு ரூட்டு மாறிப் போயிருந்துச்சு பெரியவரே. பழைய ரூட்லயே திருப்பி விட்டுட்டேன்" என்றாராம் டாக்டர். அப்பா யார் என்று தெரியாமலே.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது, கைக்குட்டையும் இல்லை. எஸ்தர் மட்டும் அசையவில்லை. போனைப் பார்த்து யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாள்: "மாமா, நான் மேல பார்க்கச் சொன்னதாலயோ அந்தக் கல் கழண்டது?"

தம்பி போனை டாக்டரிடமே கொடுத்துவிட்டான். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "இல்லம்மா. கல்லு முன்னாடியே கழண்டுடுச்சு. மேல பாத்தப்ப வெளிய தெரிஞ்சுது, அவ்ளோதான். நாளைக்கு ஏணி மேல நின்னுக்கினு பரண்ல எதையாவது எடுக்கறப்ப சுத்தியிருந்தா என்னா ஆகியிருக்கும்? நீ காட்டிக் குடுத்தது நல்லதாப் போச்சு."

பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது. "ஒரு மாசமாவே பொரண்டு படுத்தா லேசா சுத்தும் கண்ணு. உங்க பாட்டி பித்தம்னு எலுமிச்சம்பழம் தேய்ப்பாளேன்னு யாருக்கும் சொல்லல."

எஸ்தர் "உண்மையாவோ தாத்தா?" என்றாள். அவர் "ஓம்" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள். என் தோளில் முகத்தை வைத்து, எனக்கு எலும்பு வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் என்னை அப்படிப் பிடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

7

இனி போகத் தேவையில்லைதான். ஆனால் தாள் கையில் இருந்தது, எஸ்தருக்கு ஈஸ்டர் விடுமுறையும் இருந்தது. போனோம்.

ஈஸ்டர் அன்று திண்டிவனத்தில் அப்பா சபைக்கு நடந்தே வந்தார், நடுத் தெருவில், சுவர்ப் பக்கம் போகாமல். தெருவில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் வைத்தார். பேசியவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு அது போதும். எனக்குப் போதாது, அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை பேத்தியை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினார். தாத்தாவும் பேத்தியும் நடுவில் நின்றார்கள், உட்கார இடம் இருந்தும். "முட்டிய வெறப்பா வெக்காத, தளர விடு. வண்டி போற போக்குல போ" என்று அவர் சொல்ல, அவள் முதல் வளைவிலேயே ஒரு மல்லாட்டை மூட்டைமேல் போய் உட்கார்ந்தாள், உள்ளே நிலக்கடலை நொறுங்கியது. மூட்டைக்காரர் சிரித்தார். திரும்பி வரும்போது அவள் விழவில்லை.

அன்று இருட்டியதும் அப்பா மாடிக்குக் கிளம்பினார். அம்மா "வேணாம், கீழயே உக்காந்துக்கினு பேசுங்களேன்" என்று படியில் மறித்தாள். டாக்டர் இரண்டு நாள் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம் என்றார், அது முடிந்துவிட்டது என்றார் அப்பா. தம்பி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடியின் நடுவில் காலை அகட்டி நின்றார். எஸ்தர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம். அவரைத் தொடவில்லை, தொடுகிற தூரத்தில் கையை வைத்திருந்தோம்.

"எங்க இருக்குதுன்னு காட்டு கண்ணு."

எஸ்தர் மெதுவாகக் கையை உயர்த்தி உச்சியைக் காட்டினாள். "மேல" என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை.

அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைச் சாய்த்து அண்ணாந்தார். அப்படியே நின்றார். அம்மா படியில் நின்று முணுமுணுப்பாக ஜெபம் செய்வது கேட்டது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தமும் கேட்டது.

"தாத்தா?"

"இரு."

அண்ணாந்தபடியே கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"நிக்குது" என்றார்.

"நிக்கேல்ல தாத்தா" என்றாள் எஸ்தர், பாதி அழுகையில். "நாங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறம். அந்த வேகம் குறையேல்ல."

அப்பா தலையைத் தாழ்த்தவில்லை. சிம்மத்தைப் பார்த்தபடியே, கம்பி எதையும் பிடிக்காத இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"போவட்டும், போவட்டும். எனக்கு ஒண்ணும் தெரியல. டிரைவரு நல்ல டிரைவரு."